ஆறினால் ஓடும் வண்டி

தண்டையார்பேட்டையில், கண்டெய்னர் லாரிகள் திரும்பும் முனையை ஒட்டி பஷீருக்கு ஒரு ஷெட் இருந்தது. பதினாறு வயதில் துறைமுக லாரிகளின் டீசல் எஞ்சினில் கை வைத்தவர். கார்புரேட்டர் போய் கம்ப்யூட்டர் வைத்த கார்கள் வந்தபோது, பக்கத்து மெக்கானிக்குகள் அந்த வண்டிகளைத் தொட மறுத்தார்கள். பஷீர் அம்பத்தூரில் பதினைந்து நாள் வகுப்புக்குப் போய் வந்தார். டாஷ்போர்டு விளக்கு எத்தனை தடவை மினுக்குகிறது என்று எண்ணி, எந்த சென்சார் கெட்டது என்று சொல்லிவிடுவார். அதனால் அவர் வார்த்தைக்கு அந்தப் பக்கத்தில் மதிப்பு இருந்தது. 2002 கோடையில் அந்த மதிப்புதான் ஒருத்தன் வேலையைத் தின்றது.

ராயபுரத்தில் கிளியரிங் ஏஜென்சி நடத்திய சுப்புராஜ் தன் வெள்ளைக் காரைக் கொண்டுவந்து விட்டார். எண்ணூருக்குக் காகிதம் எடுத்துப் போகும் வண்டி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் முக்கால் மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. எர்ணாவூர்ப் பக்கம் லாரி வரிசையில் மாட்டினால் எஞ்சின் தானாக நின்றுவிடுகிறது, அரை மணி கழித்து தானாகக் கிளம்புகிறது என்றான் டிரைவர் நீலமேகம். சுப்புராஜ் நம்பவில்லை. கார் ஓரங்கட்டி நின்றதையும் நீலமேகம் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததையும் ஒரு லாரிக்காரர் பார்த்திருந்தார்.

“பானெட்டைக்கூட தொறக்கலையாம் பாய்,” என்றார் சுப்புராஜ்.

அந்த ஒரு விஷயம் பஷீரின் மனதிலும் தைத்தது. வண்டி நின்றால் எந்த டிரைவர்தான் பானெட்டைத் திறக்காமல் இருப்பான்? பெட்ரோல் உறிஞ்சி விற்றவர்கள், நல்ல டயரைக் கழற்றி மொட்டை டயர் மாட்டியவர்கள் என்று எத்தனையோ பேரை அவர் பார்த்திருக்கிறார். மூன்று நாள் காலையில் கடற்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தார். வண்டி எங்கும் நிற்கவில்லை. விளக்கும் ஒரு குற்றமும் காட்டவில்லை. ஷெட் வாசலில் நின்றபடி நீலமேகம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பஷீர் அவன் பக்கம் திரும்பாமல் சுப்புராஜிடம் சொன்னார்: “வண்டில ஒண்ணுமே இல்ல சார்.”

அன்று சாயங்காலமே நீலமேகத்தை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது வாரம், கத்திரி வெயிலில், சுப்புராஜின் போன் வந்தது. புது டிரைவர் ஓட்ட, அவரே பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, கார் எர்ணாவூரில் நின்றுவிட்டது. பஷீர் மொபெட்டில் போய்ச் சேர்வதற்குள் அது கிளம்பிவிட்டது. சுப்புராஜ் கண்ணாடியை இறக்கி அவரை மேலும் கீழும் பார்த்தார். அன்றைக்கு வண்டியில் ஒன்றுமில்லை என்று எப்படிச் சொன்னாய், பார்க்காமலே காசு வாங்கினாயா என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் யாரும் பஷீரை அப்படிக் கேட்டதில்லை.

பஷீரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஏசியைப் போட்டு லாரிகளுக்கு நடுவே ஊர்ந்தார். நாற்பது நிமிஷத்தில் எஞ்சின் அடங்கியது. இந்தத் தடவை ஆறவிடவில்லை. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஒயரைப் பிடுங்கி, மின் இணைப்பைச் சோதிக்கும் மீட்டரை வைத்தார். மீட்டரின் இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று நின்றது. உள்ளே இணைப்பே இல்லை என்று அர்த்தம். சுப்புராஜின் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் ஐநூற்றுச் சொச்சம் என்று எண் வந்தது; இணைப்பு திரும்பியிருந்தது. ஒயரைத் திரும்பச் செருகிச் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பியது. சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கிற சாமான். காலைக் காற்றில் ஓட்டிப் பார்த்தவர் கண்ணில் அது எப்படிப் படும்? தானாகக் கிளம்பும் என்று தெரிந்துகொண்டவன் பானெட்டை எதற்குத் திறப்பான்?

புது சென்சார் மாட்டினார். நீலமேகத்தைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். போனவன் போகட்டும் என்றார் சுப்புராஜ்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சென்சாரையும் மீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு வியாசர்பாடி ஹவுசிங் போர்டுக்குப் போனார். கதவைத் திறந்த நீலமேகம் உள்ளே கூப்பிடவில்லை. யார் அனுப்பினார்கள் என்று கேட்டான். யாரும் அனுப்பவில்லை என்றபோதும் வழிவிடவில்லை. பின்னாலிருந்து அவன் மனைவி வரலட்சுமிதான் உள்ளே வரச் சொன்னாள்.

பஷீர் சொன்னதை இருவரும் நின்றபடியே கேட்டார்கள். பேச்சால் ஆகாது என்று அவருக்குப் புரிந்தது. தோசைக்கல்லைச் சூடாக்கித் தரச் சொன்னார். அதன் மேல் துணியை மடித்துப் போட்டு சென்சாரை வைத்து, மீட்டரை அவர்கள் பக்கம் திருப்பினார். ஐநூற்றுச் சொச்சம் இருந்தது. சில நிமிஷத்தில் எண் தடுமாறி, ஒற்றை ஒன்றாகிவிட்டது.

வரலட்சுமி மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அந்த அரை மணி நேரம் இதாலதானா?” என்று கேட்டாள். அவள் கேட்டது பஷீரைத்தான், ஆனால் நீலமேகம் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். எர்ணாவூரில் அவனுக்கு யாரோ இருக்கிறாள் என்று அவளிடம் அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள். அவளும் அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாக அவனோடு சரியாகப் பேசவில்லை.

“ஆறட்டும். இன்னொரு தபா காட்டுங்க பாய்,” என்றாள்.

மூன்று தடவை காட்டினார். மூன்றாவது தடவை சென்சாரை அவளே எடுத்துவைத்தாள்.

நீலமேகத்துக்கு அது போதவில்லை. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம் சுப்புராஜுக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள், அவர் திருடன் என்கிறார் என்றான். “இங்க வந்து சொல்லி இன்னா பாய் பிரயோஜனம்? எயுதிக் குடு.”

பஷீர் தன் ஷெட் பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினார். வண்டி நின்றது சென்சார் பழுதால்தான், டிரைவர் மேல் குற்றமில்லை, பார்த்துச் சொன்ன நான்தான் தப்பாகச் சொன்னேன். வரலட்சுமி அதை இரண்டு முறை படித்தாள். தேதி இல்லை என்று திருப்பிக் கொடுத்தாள். தேதி போட்டதும் கையெழுத்துக்குக் கீழே பெயரையும் எழுதச் சொன்னாள். பிறகு சென்சாரையும் எடுத்து அந்தத் தாளில் சுற்றினாள்.

“இது இங்கியே இருக்கட்டும்,” என்றாள்.

அதைக் காட்டித்தான் ஆடி மாதம் நீலமேகம் மணலியில் ஒரு கம்பெனி வேனுக்கு டிரைவராகச் சேர்ந்தான். அந்த வேன் தினமும் பஷீரின் ஷெட்டைத் தாண்டித்தான் போனது. ஒரு நாளும் அங்கே நின்றதில்லை.