திண்டிவனத்து மெக்கானிக் மேல் நான் போட்ட பழி

பெரியவளே, சின்னவனே, ரெண்டு பேரும் இதை முழுசாகப் படிக்கணும். திண்டிவனத்து மெக்கானிக்கைப் பற்றி உங்கள் எதிரிலேயே நான் என்னென்னவோ சொன்னேன். ஏமாற்றுக்காரன், வேலை தெரியாதவன், பழைய சாமானைத் துடைத்துப் புதுசு என்று மாட்டுகிறவன் என்றெல்லாம் சொன்னேன். அவ்வளவும் தப்பு. நேரில் உட்கார வைத்துச் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் எழுத்து, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பழைய ஜப்பான் மோட்டார் பைக் நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கெடாருக்கு மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றப் போனேன். அந்த நிலத்துக்காரர் மோட்டார் கொட்டகையில் சாக்கு போட்டு மூடி சாத்தி வைத்திருந்தார். என் வயசு டிரைவர் எவனுக்கும் அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக் வண்டி மேல் ஒரு கண் இருக்கும். நான் சாக்கைத் தூக்கிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"தூக்கிக்கினு போங்க. எங்க வீட்ல தினம் ஒரு சண்டை இதால. எலி குடித்தனம் பண்ணிக்கினு கெடக்குது."

பேப்பரெல்லாம் சரியாக இருந்தது. அது ஒன்றுதான் சரியாக இருந்தது. லோடு ஆட்டோவில் மூட்டைக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டுவந்து விழுப்புரத்தில் இறக்கினபோது உங்கம்மா இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள்.

"ஏங்க, குடித்தனக்காரங்களையும் சேத்தே கூட்டிக்கினு வந்துட்டீங்களா?"

உண்மைதான். சீட்டுக்குள்ளிருந்து ஒரு எலி இறங்கி எதிர் வீட்டுக்குப் போனது.

மூன்று மாசத்தில் முடித்துவிடுவேன் என்று சொன்னேன். தினம் வண்டி ஓட்டுகிறவன், நமக்குத் தெரியாத இஞ்சினா என்ற நினைப்பு. முதல் போல்ட்டே தலை உடைந்தது. ரெண்டாவது சுற்றிக்கொண்டே இருந்தது, வெளியே வரவில்லை. துரு பிடித்த ஒரு நட்டுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. நம் வீடோ ஒரு ஹால், ஒரு அடுப்படி. செயின் துணிக்கொடியில் தொங்கியது. கீரை அலசும் பேசினில் நான் பெட்ரோல் ஊற்றி கியர் கழுவினதால் ஒரு வாரம் குழம்பு என்ன குழம்பு என்றே தெரியவில்லை. சின்னவன் பழைய பிஸ்டனில் பென்சில் சொருகி வைத்தான். பெரியவள் காலில் ஒரு ஸ்பிரிங் குத்தி டிடி ஊசி போட வேண்டியிருந்தது. மூன்று மாசம் ஒன்றரை வருஷமானது.

இஞ்சின் மட்டும் என் கைக்கு அடங்கவில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, விழுப்புரம், திண்டிவனம், பாண்டி ஆட்கள் எல்லாம் அதில் உண்டு. அதில்தான் இந்த மெக்கானிக்கைப் பற்றிச் சொன்னார்கள். டூ ஸ்ட்ரோக் மட்டும்தான் தொடுவார், ஆனால் பொறுமை வேண்டும் என்றார்கள். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். திண்டிவனத்தில் ஒரு தகர ஷெட். இஞ்சினைக் கொண்டுபோய் இறக்கினேன்.

பொறுமை வேண்டும் என்றது குறைத்துச் சொன்னது. போன் எடுக்க மாட்டார். எடுத்தால், "நாளைக்கு வாங்கணா" என்பார். திண்டிவனம் என்ன பக்கத்துத் தெருவா? லோடு இல்லாத நாளில் போனால், "கிராங்க் வரணும்ணா, வந்தா நானே கூப்புடுறேன்" என்பார். கூப்பிட மாட்டார். அந்தக் கடுப்பு எனக்குள் ஏற்கெனவே சேர்ந்திருந்தது. பிற்பாடு நான் பேசின பேச்சில் பாதி அந்தக் கடுப்புதான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இஞ்சினைக் கொடுத்தார். கார்ப்பரேட்டரைத் தனியாக நியூஸ் பேப்பரில் சுற்றிக் கையில் தந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குள் அனுப்பும் சாமான் அது. கைப்பிடி அளவுதான், ஆனால் வண்டியின் மூச்சே அதில்தான்.

"ணா, இதை நானே செட் பண்ணி வெச்சிருக்கேன். ஒரு ஸ்க்ரூவைக்கூட தொடாதீங்க. அப்படியே மாட்டுங்க, ஸ்டார்ட் ஆவும்."

சரி என்றேன். ஸ்க்ரூவைத் தொடவும் இல்லை.

மறுநாள் பூஜை. நம் வீட்டில் எப்படிச் செய்வோம் என்று தெரியுமே. லோடு ஆட்டோவைக் கழுவி, ஜாக்கி, ஸ்பேனர், உங்கம்மாவின் அரிவாள்மணை, உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் துடைத்து வரிசையாக வைத்துப் பொட்டு வைப்போம். அந்த வருஷம் வண்டி முழுசாகவே உதிரியாகக் கிடந்தது. முழு வண்டியாக இருந்தால் ஹெட்லைட்டில் ஒன்று, டேங்கில் ஒன்று என்று ரெண்டு பொட்டில் முடிந்திருக்கும். உதிரியாக இருந்ததால் ஒவ்வொன்றுக்கும் வைக்க வேண்டியதாகிவிட்டது. ஒன்றை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்பதுபோல "எதையும் விடாதீங்க" என்று உங்களை விரட்டினேன். கார்ப்பரேட்டரை மட்டும் உங்களிடம் கொடுக்கவில்லை. கீழே போட்டுவிடுவீர்கள் என்று நானே பேப்பரைப் பிரித்து, கெட்டியாகக் கரைத்த சந்தனத்தை மோதிர விரலில் தொட்டு, அதன் வாய் விளிம்பில் வைத்து அழுத்தி, மேலே குங்குமமும் வைத்தேன். கற்பூரம் காட்டினோம். சுண்டல் சாப்பிட்டோம்.

ரெண்டு வாரத்தில் மற்றதையெல்லாம் பூட்டி முடித்து, கார்ப்பரேட்டரை மாட்டுவதற்கு முன், வெளியே தெரிந்த குங்குமம் சந்தனத்தைத் துணியால் துடைத்தேன். ஏர் ஃபில்டர் குழாயை அதன் வாய்மேல் சொருகி கிளாம்ப் போட்டேன். வாய் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் உதைத்தேன் பாருங்கள். உதை என்றால் உதை. பத்து உதைக்கு ஒரு தடவை பிடிக்கும். திராட்டிலை முறுக்கிப் பிடித்தால் தெருவெல்லாம் புகையாகக் கத்தும். கையை விட்டதும் செத்துவிடும். பிளக்கைக் கழற்றினால் மை பூசினதுபோல் கறுப்பாக, ஈரமாக இருக்கும். துடைத்து மாட்டி மறுபடி உதைப்பேன். ஒரு நாள் கிக்கர் திரும்பி அடித்து முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது. எதிர் வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னா சார், வலது காலுக்கு மட்டும் எக்சர்சைஸா? இடது காலு இன்னா பாவம் பண்ணுச்சு?"

பிளக் மாற்றினேன். இக்னிஷன் காயில் மாற்றினேன். பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினேன். கார்ப்பரேட்டர் பக்கம் மட்டும் போகவில்லை, அவர் தொடாதே என்றாரே. மூன்று வாரம் இப்படிப் போனது. போன் போட்டேன், அதிசயமாக எடுத்தார்.

"வண்டியை அப்படியே எடுத்துக்கினு வாங்கணா, பாத்துடலாம்."

"நீ செஞ்ச வேலைக்கு நான் லோடை உட்டுட்டு வரணுமா தம்பி?"

"கார்ப்பரேட்டர்ல எதுனா கை வெச்சீங்களா?"

"ஒரு ஸ்க்ரூ தொடல."

"அப்ப பாக்காம எனக்கு சொல்லத் தெரியலணா."

தெரியவில்லை என்று அவர் சொன்னதை, வேலை தெரியவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டதுபோல எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு சாயந்திரமே குரூப்பில் எழுதினேன். திண்டிவனம் ஷெட் என்றாலே எல்லோருக்கும் யாரென்று தெரியும். மாசக்கணக்கில் இழுத்தார், உள்ளே பழைய சாமான் போட்டிருக்கிறார், யாரும் இஞ்சினைக் கொடுத்து ஏமாறாதீர்கள் என்று. பெரியவளே, நீ பக்கத்தில் இருந்து படித்துவிட்டு, "போடாதப்பா, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டிட்டு அப்புறம் போடு" என்றாய். "உனக்கு இன்னா தெரியும், போய்ப் படி" என்றேன். போட்டுவிட்டேன்.

போட்டதும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எனக்கும் லேட் பண்ணினார், எனக்கும் போன் எடுக்கவில்லை என்று. விழுப்புரத்தில் ரெண்டு பேர் அவரிடம் இஞ்சின் கொடுப்பதாக இருந்தார்கள், இனிமேல் பாண்டிக்கே கொண்டுபோகிறோம் என்று எழுதினார்கள். அவர் ஒரு வார்த்தை பதில் போடவில்லை. மறைக்காமல் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கு உள்ளுக்குள் நன்றாகத்தான் இருந்தது. உங்களிடமும் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டியூஷன் போயிருந்தீர்கள். வேறொரு கடையில் காட்டலாம் என்று கார்ப்பரேட்டரைக் கழற்றினேன். இனி அவர் பேச்சு எதற்கு என்று திறந்தும் பார்த்தேன். உள்ளே கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு தூசி கிடையாது. வாய்ப் பக்கம் விளிம்பில் காற்று போக ஊசிக்கண் மாதிரி ரெண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்றில் ஊதினால் காற்று போனது. இன்னொன்றில் போகவில்லை. ஓட்டையே தெரியவில்லை, மேலே அலுமினிய நிறத்தில் அழுக்குப் படிந்து, காய்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. உங்கம்மாவிடம் ஊக்கு வாங்கிக் குத்தினேன். மஞ்சளாகத் தூள் வந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தேன். பெட்ரோலோடு சேர்ந்து சந்தனம் மணந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். காற்று போகாமல் வெறும் பெட்ரோலைக் குடித்தால் பிளக் நனையாமல் என்ன செய்யும்? உங்கம்மா எட்டிப் பார்த்தாள், தூளைப் பார்த்தாள், என் விரலைப் பார்த்தாள்.

"பொட்டு நெத்தியில வெக்கணும். மூக்கு ஓட்டையில வெச்சா யாருதான் மூச்சு உடுவாங்க?"

அந்த ஓட்டையைக் கழுவி மாட்டினேன். ரெண்டாவது உதையில் பிடித்தது. கையை விட்டும் நிற்கவில்லை. நீங்கள் டியூஷன் முடிந்து வந்து வாசலில் குதித்தீர்கள். என்னாச்சுப்பா என்று கேட்டதற்கு, "ஏதோ அடைப்பு" என்று மட்டும் சொன்னேன். சின்னவன் உடனே, "அந்த ஆளு வெச்ச அடைப்பாப்பா?" என்றான். நான் இல்லை என்று சொல்லவில்லை. அதுதான் இந்த எழுத்துக்குக் காரணம். அந்த அடைப்பு நான் வைத்தது.

அன்றைக்கே குரூப்பில் ஊக்கோடு சேர்த்து ஓட்டையைப் படம் எடுத்துப் போட்டேன். பூஜையில் நான் வைத்த சந்தனம், மெக்கானிக் மேல் தப்பில்லை, பழைய சாமான் என்றது நான் பார்க்காமல் சொன்ன பொய் என்று எழுதினேன். எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த ரெண்டு விழுப்புரத்துக்காரர்களும் பேசவில்லை.

புதன்கிழமை லோடு இல்லை. அந்த வண்டியிலேயே திண்டிவனம் போனேன். சத்தம் கேட்டே ஷெட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. நான் இறங்கி, "தம்பி, தப்பு என்னுதுதான்" என்றேன்.

"படம் பாத்தேன்" என்றார். குனிந்து வண்டியின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லாதான் ஓடுது."

"மன்னிச்சுக்கோ தம்பி."

"இருவது வருஷமா இஞ்சின் பிரிக்கறேன். மண்ணு பாத்திருக்கேன், குளவிக்கூடு பாத்திருக்கேன். பிரசாதம் பாத்ததில்ல." சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நீங்க திட்டனது பரவால்லணா. லேட் பண்றேன், போன் எடுக்கறதில்ல, அதெல்லாம் திட்டலாம். பழைய சாமான் போட்டேன்னு எழுதிட்டீங்க. அதுதான் எனக்குப் பேஜாராப் போச்சு."

"அதான் இல்லன்னு எழுதிட்டேனே."

"எழுதனீங்க. சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. மொதல்ல போட்டதுதான் ஞாபகம் இருக்கும். விழுப்புரத்துலேர்ந்து வர்றேன்னு சொன்ன ரெண்டு பேரும் வரல."

உள்ளே போய் உட்கார்ந்து, பாதியில் விட்ட கியர் பெட்டியை மறுபடி மடியில் எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். வேலையில் இருக்கிற ஆள் எதிரில் எவ்வளவு நேரம் சும்மா நிற்பது? வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தலையை மட்டும் ஆட்டினார்.

விக்கிரவாண்டி வருவதற்கு முன் ரோட்டோரம் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தேன். பக்கத்தில் யாருமில்லை. குரூப்பைத் திறந்து, பாண்டிக்குக் கொண்டுபோகிறோம் என்று எழுதின அந்த ரெண்டு பேரின் நம்பரையும் தேடி எடுத்தேன். முதல் ஆளுக்குப் போட்டேன். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது, எடுக்கவில்லை. லாரி ஒன்று போகிறவரை காத்திருந்து, மறுபடி போட்டேன்.