தோல் டாக்டரின் ஒரு நிமிஷம்

மனைவியின் ஹேர் டிரையரால் கேமராவுக்குச் சூடு காட்டிக்கொண்டிருக்கிறார். அவள் ஈரத்தலையோடு பின்னால் நிற்கிறாள். "ஒரு நிமிஷம்" என்கிறார், திரும்பாமலே. அவருடைய நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துபோன விஷயம்.

பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. வீட்டுக்கு வந்தால் தோல் டாக்டர். மச்சினன் கேலிக்கு வைத்த பெயரை இவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். பழைய கேமராக்களின் மேல் வெடித்து உதிரும் ரெக்சினை உரித்துவிட்டுப் புதிது ஒட்டுவதுதான் வைத்தியம். குணமானவை அலமாரியில் மினுமினுவென்று உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலாவது படம் எடுத்ததுண்டா என்று கேட்டால் போச்சு. "படம் யாரு வேணாலும் எடுப்பாங்க. மூலை தூக்காம ஒட்டச் சொல்லுங்க, பாப்போம்!"

இப்போது மேஜையில் கிடப்பது காலமான மாமனாருடையது. பிறந்தநாள் தவறாமல் மகளை ஜன்னலோரம் நிறுத்தி அவர் படம் எடுத்த கேமரா. இன்று மகளுக்கு ஐம்பது வயது. "அப்பா எடுப்பாரே, அதே மாதிரி ஒரே ஒரு படம். வேற எதுவும் வேணாம்" என்று போன மாதமே சொல்லி, ஃபிலிமையும் அவளே தேடி வாங்கி வைத்தாள்.

"இந்தக் கோலத்துலயா எடுக்கிறது?" என்று டாக்டர் உரிக்கத் தொடங்கினார். சூட்டில் பசை இளகியதும் சீவிய ஐஸ்கிரீம் குச்சியால் நெம்பினார். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் பழைய பசையைத் துடைத்தார். காகிதத்தில் அளவெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடால் வெட்டினார். எல்லாம் சரி, ரெக்சினின் பின்பக்கத்தில் வைத்து வெட்டுகிறோம், அளவுக் காகிதத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிட்டார். கேமராவின் திருகுக்காக இடது பக்கம் வரவேண்டிய ஓட்டை வலது பக்கம் வந்து உட்கார்ந்தது. "அந்தக் காலத்துலயே கம்பெனிக்காரன் திருகை மாத்தி வெச்சுட்டான்" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

கையிலிருந்த ரெக்சின் தீர்ந்துவிட்டது. மனைவியின் கைப்பை ஆணியில் தொங்கியது.

"என்னங்க இது, என் பையில ஜன்னல் வெச்சிருக்கீங்க?"

"பின்பக்கம்தானே? தோள்ல மாட்டினா யாருக்குத் தெரியப் போகுது?"

பையை அவள் பொறுத்துக்கொண்டாள். படம் கிடைக்கிறதே.

சாயங்காலம் ஒருவழியாக ஃபிலிம் போட்டாயிற்று. தலைவாரி, புதுத்துணி உடுத்தி, அப்பா சொல்லித்தந்தபடி மோவாயை லேசாகத் தூக்கி ஜன்னலோரம் நின்றாள். சின்னப் பெண்ணைப் போல் துணியை நீவிவிட்டுக்கொண்டாள். அவர் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். இறக்கினார். ஒட்டிய ரெக்சினின் மூலை தூக்கியிருந்தது. "ஒரு நிமிஷம்." கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே நின்றார். வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி தூக்கினார், மறுபடி இறக்கினார். இந்த முறை அவர் முகம் மலர்ந்தது.

"அடடா, இந்த வெளிச்சத்துல என்னமா ஒரு ஜொலிப்பு!"

தன்னைத்தான் சொல்கிறார் என்று அவள் ஒரு கணம் நம்பிவிட்டாள்.

அவர் கேமராவை அவள் பக்கத்திலிருந்த ஸ்டூலில் பதவிசாக வைத்து, சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "எங்க கேமரா குரூப்ல போட்டா எல்லாரும் அசந்துடுவாங்க. கொஞ்சம் தள்ளிக்கோ, உன் நிழல் விழுது."

தள்ளிக்கொண்டாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை வைக்கப்போன நேரம், அவள் கையை நீட்டி ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.