ஒரு பல் தள்ளிய சங்கிலி

அழகுமுத்து எஞ்சினைத் திறப்பதற்கு முன் வண்டியின் பின்பக்கம் போய்க் குந்துகிறார். சைலன்சரின் வாய்க்கு நேரே இடது உள்ளங்கையைப் பிடித்துக் கண்ணை மூடுகிறார். புகை சீராக வந்து மோதினால் எழும்பிவிடுவார். இடையில் ஒருமுறை தவறினால் முணுமுணுத்தபடி அங்கேயே இருப்பார்.

கொட்டாஞ்சேனையில் உள்ள அவருடைய கராஜுக்கு வெள்ளவத்தையிலிருந்து பதினோரு வருடமாக என் காரைக் கொண்டுபோகிறேன். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்தவர். வேலைக்கு வெள்ளைச் சேர்ட்தான் போடுவார். அதில் கறை பட்டால் அன்றைய வேலை சரியில்லை என்பது அவர் கணக்கு.

1998 மே 12, செவ்வாய்க்கிழமை. பின்னேரம் இரத்மலானையில் நான் யாழ்ப்பாண விமானம் ஏற வேண்டும். என்னை ஏற்றிச் செல்லவிருந்த வாடகை வான்காரர் வரதராசாவின் வான் அழகுமுத்துவிடம் திருத்தத்துக்கு விடப்பட்டிருந்தது. காலையில் எடுத்து ஓட்டிப் பார்த்தோம். ஓட்டத்தில் குறையில்லை, நிறுத்தினால் எஞ்சின் குலுங்கி, இருமி, அணைந்தது. வழியெல்லாம் காவலரண்கள். அங்கே அணைந்து, மறுபடி உறுமிக் கிளம்பும் தமிழனின் வானை ஆமி எப்படிப் பார்க்கும் என்பது மூவருக்கும் தெரியும்.

"அண்ணை, ஐட்லிங் ஸ்குரூவைக் கொஞ்சம் ஏத்திவிடுங்கோ, காணும்," என்றார் வரதராசா. வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டுகிற திருகு அது.

"ஏத்துனா நின்ன எடத்துல உறுமும். ஓடப் பாக்குறான்னு சுட்டுப்புட்டா, அந்த ஸ்குரூவை ஒங்க வூட்டுல கொண்டுபோய்க் குடுக்கவா?"

"ஐயாவை எயார்போர்ட்டில விட்டிட்டு வாறன். பிறகு பாருங்கோவன்."

"ஐயா பிளேன்ல போயிருவாரு. நீங்கதான் திரும்பி வரணும்."

அழகுமுத்து முன்சீட்டைத் தூக்கி எஞ்சினின் முன்மூடியைக் கழற்றினார். வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாப்ட். அதைச் சுற்றும் சங்கிலி ஒரு பல் தள்ளியிருந்தது. முந்தின நாள், சங்கிலியை மாட்டி இறுக்குவதற்குள் ஆமியின் சுற்றிவளைப்பு. அடையாள அட்டையில் கொழும்பு விலாசம் இல்லாமல் அட்டன் விலாசம் இருந்ததால் அவரைப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். வண்டிக்கடியில் குண்டு தேட வந்தவர்கள் கியரில் நின்ற வானை அப்படியே தள்ளியிருக்கிறார்கள்; சக்கரத்தோடு எஞ்சினும் சுழன்று, இறுகாத சங்கிலி நழுவியிருக்கிறது. பின்னேரம் விடுபட்டு வந்தவர் அவசரத்தில் மூடிவிட்டார்.

"மூடவேண்டிய நேரத்துல வால்வு மூடல. இழுத்த காத்தைத் திருப்பித் துப்புது. வேகமாப் போறப்ப துப்ப நேரமில்ல, நின்னாத்தான் அசிங்கம் தெரியுது."

"அவங்கள் தள்ளினதுக்கு நீங்கள் என்ன செய்வியள்?"

"தள்ளுனது அவனுங்க. பாக்காம மூடுனது நானு."

மதியத்துக்குள் சங்கிலியைச் சரியாக மாட்டிப் பூட்டினார். சைலன்சருக்குப் பின்னால் குந்தி எழும்பினார். பிறகு, கேட்காமலே, முன்சீட்டில் ஏறினார்.

"நேற்றுத்தானே அண்ணை உங்களை விட்டவங்கள். நீங்கள் ஏன் வாறியள்?"

"பூட்டுனவன் ஒக்காந்து பாக்கணும்."

காலி வீதிக் காவலரணில் சிப்பாய் எங்கள் மூவரின் அட்டைகளையும் வாங்கினான். அழகுமுத்துவின் அட்டையை மட்டும் நெடுநேரம் வைத்திருந்தான். வரதராசாவின் கால் தன்னையறியாமல் அக்சிலேட்டரைத் தேடியது. அழகுமுத்து அவருடைய முழங்காலைப் பிடித்து விலக்கினார். எஞ்சின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அட்டன்காரனுக்குக் கொழும்பில் என்ன வேலை என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். அழகுமுத்து பதில் சொன்னார். அட்டையை வாங்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். தலையை மட்டும், சீட்டுக்கடியில் ஓடும் எஞ்சினின் பக்கம் சாய்த்தபடியே வைத்திருந்தார்.