மணிக்கூண்டு மூலையில் காலரா

என் சித்தி பல வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவர். இப்போது மற்ற நிருபர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார். தொற்றுநோய் பரவும்போது எதை எழுதலாம், எதை விசாரிக்காமல் எழுதக் கூடாது என்பதுதான் பாடம். சித்தப்பா ரொட்டிக்கடை வைத்திருக்கிறார். சித்தி வாயைத் திறந்தால் நோய், சித்தப்பா வாயைத் திறந்தால் மாவு.

சித்தியின் வகுப்பில் கரும்பலகைக்கு வேலை குறைவு. கற்பனையாக ஒரு நோயைக் கிளப்பிவிடுவார். காலையில் ஒரு தாளில் சேதி வரும். கொஞ்ச நேரத்தில் அதை மறுத்து இன்னொரு தாள். பிறகு அவரே சுகாதார அதிகாரியாக உட்கார்ந்து மழுப்புவார். நிருபர்கள் கேள்வி கேட்டுக் குடைந்து செய்தி எழுத வேண்டும். தெரிந்த இடமாக இருந்தால் தடுமாறாமல் பதில் சொல்லலாம் என்று, போன மாதம் இப்படி எழுதிவிட்டார்: 'மணிக்கூண்டு மூலை ரொட்டிக்கடையில் வாங்கிச் சாப்பிட்டவர்களுக்குக் காலரா அறிகுறி.' அது சித்தப்பாவின் கடை.

இது பயிற்சி என்று வாயால்தான் சொன்னார், தாளில் எழுதவில்லை. தாமதமாக வந்த ஒரு நிருபர், எல்லோரும் தலை நிமிராமல் எழுதுவதைப் பார்த்தார். மேசையில் கிடந்த தாளைப் படித்தார். மற்றவர்களை முந்த வேண்டுமே என்று அதைப் படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார். மதியத்துக்குள் அவருடைய பத்திரிகையின் இணையதளத்தில் அதுதான் முதல் செய்தி.

சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, நம்ம கடையில காலராவாம். கடையில ஒரு ஈ காக்கா இல்ல. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியும்ங்க. நான்தான் எழுதினேன்."

"எழுதறதுதான் எழுதின, எதிர்க்கடையைப் போட்டிருக்கலாம்ல?"

சித்தி அந்த நிருபரையும் இழுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனார். அதற்குள் செய்தியை நீக்கியிருந்தார்கள்.

"எடுத்தாச்சேம்மா," என்றார் ஆசிரியர். "மறுபடி கிளறினா பார்க்காதவனும் பார்ப்பான்."

"பார்த்தவன் கடைப்பக்கமே வரமாட்டானே சார். செய்தி எங்க இருந்துச்சோ அங்கயே திருத்தம் வரணும். அந்தக் கடையில யாருக்கும் நோய் இல்லைன்னு முதல் வரியிலயே போடுங்க. பயிற்சித் தாள்னு குறிக்காம விட்டது என் தப்பு, அதையும் போடுங்க."

"உங்க பேரு கெடுமே?"

"கெடட்டும் சார். ரொட்டி விக்கணும்."

அன்று மாலையே திருத்தம் வந்தது. மறுநாள் சித்தப்பா வழக்கத்தில் பாதி மாவுதான் பிசைந்தார், அதிலும் மிச்சம். அந்த நிருபர் வந்து, கடை வாசலில் எல்லோரும் பார்க்க நின்று ஒரு ரொட்டியைத் தின்றார்.

"தம்பி, இதையும் படமெடுத்து அனுப்பு," என்றார் சித்தப்பா. "இதுல முந்திக்கோ."

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தினமும் மொத்தமாக வாங்கிய மாணவர் விடுதி மட்டும் இன்னும் வரவில்லை. இப்போது சித்தியின் தாள்களில் பக்கத்துக்குப் பக்கம் 'பயிற்சி' என்று சிவப்பில் இருக்கிறது. சித்தி வகுப்புக்குப் போகுமுன் சித்தப்பா அவற்றை ஒருமுறை வாங்கிப் பார்க்கிறார். "இந்தத் தடவை யாரு கடைம்மா?"

வகுப்பு முடிந்ததும் சித்தி திருத்தத்தின் பிரதியோடு விடுதிக் காப்பாளரைப் பார்க்கப் போகிறார். போன வாரமும் போனார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.