பஸ்ஸுக்குப் பின்னால்

எங்கள் அப்பாவின் கார் மிதித்தவுடன் போகாது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் போகும்.

முதலில் அப்படி இல்லை. பழைய பெட்ரோல் கார்தான். ஆனால் அப்பா ஓட்டினால் சிதம்பரம் பஸ்ஸெல்லாம் பின்னால் கிடக்கும். தேவனாம்பட்டினத்தில் வாடகைக்கு ஆள் ஏற்றினால் சிதம்பரம் கீழ வீதியில்தான் பிரேக்கில் கால் வைப்பார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை. அம்மாவுக்கு இல்லை. சுனாமி அலை வந்துபோன பிறகு அழுது அடம்பிடித்து அப்பாவை மீன்பிடி போட்டிலிருந்து இறக்கிக் காருக்கு மாற்றியது அம்மாதான். பிறகு காருக்கும் பயந்தாள்.

“கடல் வுட்டுச்சு. ரோடு வுடுமான்னு தெரியல” என்பாள்.

அப்பா சிரிப்பார். நானும் சிரிப்பேன். எனக்கு எட்டு வயது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் காருக்கு இந்த நோய் வந்தது. அம்மாவின் தம்பி செம்மண்டலத்தில் மெக்கானிக் செட்டு வைத்திருந்தார். என் மாமா. அவர் அப்பாவை மாமா என்பார். அப்பா அவரை மச்சான் என்பார். கார் அவரிடம் போனது. மாமா பானட்டைத் திறந்து, உள்ளே கைவிட்டுத் திருகுவார். எஞ்சின் நன்றாகவே உறுமும்.

“எஞ்சின்ல ஒண்ணும் இல்ல மாமா.”

“ரோட்டுல ஏறி மிதிச்சா பிக்கப் இல்லடா. யோசிக்குது.”

மாமா ஏர் பில்டரைக் கழற்றித் தூசி தட்டினார். பிளக்கைத் தேய்த்தார். பெட்ரோல் பில்டரை மாற்றினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்புரேட்டரையே பிரித்துப் பேப்பரில் பரப்பிக் கழுவினார். எதற்கும் கேட்கவில்லை.

“ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் வைத்தியம் பாக்கற. அக்கா புருசன் வண்டின்னா மட்டும் கை வரமாட்டேங்குதா?” என்றார் அப்பா. மாமா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். இந்தக் கார் முகூர்த்தத்துக்குப் பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்க்காது என்று அந்த வீட்டார் வேறு காருக்குப் போய்விட்டார்கள். அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார்.

“நாளைக்கு மச்சான ஏத்திக்கினு சிதம்பரம் போறேன். அவனே பக்கத்துல குந்திப் பாக்கட்டும். அப்பவும் சரியாவலன்னா இத்த வித்துட்டு போட்டுக்கே போறேன்.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது.

காலையில் அம்மா எனக்குப் புதுப் பாவாடை கட்டிவிட்டு, பின் சீட்டில் உட்காரவைத்தாள். “இவளையும் அழைச்சிக்கினு போங்க” என்றாள். ஊர் பார்க்கத்தான் அனுப்புகிறாள் என்று நினைத்தேன். மாமா ஸ்பேனர் பையை டிக்கியில் வைத்துவிட்டு முன்னால் ஏறினார். அம்மா அவர் பக்க ஜன்னலில் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஆலப்பாக்கம் வந்தது.

“டீ குடிச்சிட்டு போலாம் மாமா.”

“வண்டி சூடாவட்டும்.”

கொஞ்ச தூரம் போனது.

“ஒண்ணுக்கு வருது மாமா.”

“அடக்கு.”

மாமாவுக்கு வேர்த்தது. புதுச்சத்திரம் தாண்டி முன்னால் ஒரு பஸ் போனது. “இப்பப் பாரு மச்சான்” என்று அப்பா வலது பக்கம் ஒடித்து மிதித்தார். கார் யோசித்தது. பஸ்ஸும் நாங்களும் பக்கத்தில் பக்கத்தில் போனோம். ஜன்னலோரம் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைக் குனிந்து பார்த்தாள். எதிரே லாரி வந்தது. விளக்கைப் போட்டுப் போட்டுக் காட்டியது. அப்பா இன்னும் மிதித்தார். கார் பஸ்ஸைத் தாண்டவில்லை. பின்தங்கவும் இல்லை.

மாமா இரண்டு கையையும் முன்னால் ஊன்றிக்கொண்டு கத்தினார். “போவாது மாமா! பின்னால வாங்க! புள்ள இருக்கு மாமா!”

அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். என் முகம் முன் சீட்டில் மோதியது. பஸ் விலகி முன்னே போக, அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு கார் இடது பக்கம் வந்தது. லாரி போன காற்றில் கார் ஆடியது.

ரோட்டோர மண்ணில் வண்டி நின்றது. என் வாய் உப்புக்கரித்தது. மாமா இறங்கிப் பானட்டைத் தூக்கினார். கொஞ்ச நேரத்தில், “மிதிங்க மாமா” என்று அவர் குரல் வந்தது. அப்பா லேசாக மிதித்தார். யோசிக்காமல் உறுமியது.

அப்பா வண்டியை அணைத்துவிட்டு இறங்கினார். பானட் மறைத்தது. அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நான் வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகு மாமாவே சொன்னார்.

“பை டிக்கில கெடக்குது. இந்த ஸ்பேனர் மட்டும் எப்படிடா சட்டப் பாக்கெட்டுக்கு வந்துது?” என்று அப்பா கேட்டாராம்.

“ஆக்சிலேட்டர் ஒயர லூசாக்கி வுட்டதே நான்தான் மாமா. நீங்க ஸ்பீடா போறீங்கன்னு அக்கா அழுதுச்சு. நீங்க போட்டுக்குப் போறேன்னதும், வழியில உங்களுக்குத் தெரியாம டைட் பண்ணிடுன்னுச்சு. நீங்க எங்க நிறுத்துனீங்க?”

மாமா அடி வாங்கத் தயாராக நின்றாராம். அடி விழவில்லை.

அப்பா வந்து தோள் துண்டால் என் உதட்டைத் துடைத்தார். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “ஏறு மச்சான்” என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. சிதம்பரம் வரை ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போனார். பஸ் நின்றால் நாங்களும் நின்றோம். எதிரே ஒன்றுமில்லாத ரோட்டிலும் தாண்டவில்லை. கண்டக்டர் எட்டிப் பார்த்துச் சிரித்தான். கோபுரத்தைக் காரிலிருந்தே கும்பிட்டுவிட்டு அதே மாதிரி திரும்பினோம்.

அம்மா வாசலிலேயே நின்றாள். என் உதட்டைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். மாமா குனிந்துகொண்டார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“பிரேக் போட்டேன். இடிச்சிக்கிச்சு” என்றார் அப்பா. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

நான்தான் சொன்னேன். “மாமாவுக்கு ஒண்ணும் தெரியலம்மா. ரிப்பேர் பண்ணதுக்கப்புறம் கார் இன்னும் மெதுவா போவுது.”

அம்மா சோறு போட்டாள். வஞ்சிர மீனில் பெரிய துண்டை அப்பாவுக்கு வைத்தாள். குழம்பு தரையில் சிந்தியது. அப்பா அந்தத் துண்டை எடுத்து மாமாவின் தட்டில் வைத்தார்.

“சாப்புடு மச்சான்.”

காரைக் கெடுத்தவருக்கு எதற்குப் பெரிய துண்டு? எனக்குப் பொறுக்கவே இல்லை.