கதவை மறித்துப் போட்ட ஸ்டூல்

செய்தி வந்தபோது நான் வார்டில் ஒரு அம்மாவின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தேன். கீமோ ஏற்றி ஏற்றி உள்ளே ஒளிந்துகொண்ட நரம்பு. பையில் போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை. ஊசி ஏறி, டேப் ஒட்டி, சொட்டு ஒழுங்காக விழுவதைப் பார்த்த பிறகுதான் எடுத்தேன். கடலூர் முதுநகரிலிருந்து பிலோமினாவின் கணவர் ஆரோக்கியம் அண்ணன். "அவ போயிட்டாம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்த அந்த அம்மா, "என்னா சிஸ்டர், ஊசி சரியா ஏறலியா?" என்று கேட்டார். "ஏறிடுச்சும்மா" என்றேன்.

பிலோமியும் நானும் ஒரே செட். சிதம்பரத்தில் இந்தப் புற்றுநோய் வார்டில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வாடி, போடிதான். அவளைத் தெரிந்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? தங்கமான மனசு என்று இந்த நினைவுக் கூட்டத்தில் எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். அவளோடு அதிகமாகச் சண்டை போட்டவள் நான். அந்த உரிமையில் சொல்கிறேன், மகா பிடிவாதக்காரி.

பிடிவாதம் எல்லாம் வார்டுக் கதவில்தான். கீமோ ஏறிய பிறகு சில நாட்கள் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அப்போது பக்கத்தில் யாராவது தும்மினாலோ, பூவிலிருந்து கிருமி ஒட்டினாலோ போதும், காய்ச்சல் வந்து ஆளையே கொண்டுபோய்விடும். நம் ஊர் சனம் இதைக் கேட்குமா? உடம்பு சரியில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் காலத்துக்கும் குறை சொல்வார்கள். அதனால் ஆப்பிள், ஹார்லிக்ஸ், கோயில் பூ, இடுப்பில் மூக்கொழுகும் குழந்தை என்று வேன் பிடித்து வந்து இறங்குவார்கள். பிலோமி ஓர் இரும்பு ஸ்டூலைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

கிள்ளையில் படகு வைத்திருக்கும் செல்வராசு அண்ணன் படுத்திருந்த சமயம், அவருடைய மச்சான் பாதி ஊரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். "எங்க மச்சான நாங்க பாக்கக் கூடாதா? இது ஆஸ்பத்திரியா ஜெயிலா?" என்று ஒரே சத்தம். பிலோமி எழுந்திருக்கவே இல்லை. "அவுரு மேல பாசம் இருந்தா வெளிய நில்லுங்க. பாசம் இல்லன்னா உள்ள வாங்க" என்றாள். பிறகு அவளே கட்டிலைக் கண்ணாடி ஜன்னல் பக்கம் நகர்த்தி, வந்தவர்களை வெளியே வரிசையாக நிறுத்திக் கையசைக்க வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் தங்கை மாரில் அடித்துக்கொண்டு அழ, "அடியே, நான் இன்னும் இருக்கேன்டி!" என்று செல்வராசு அண்ணன் சிரித்துவிட்டார்.

கதவில் அத்தனை கறார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் வேறு ஆள். சேத்தியாத்தோப்பு டீச்சர் ஒருவர் சோற்றைத் தொடவே மாட்டேன் என்றார். உடம்பு தேறாமல் அடுத்த கீமோ ஏற்ற முடியாது. அவர் வீட்டுக்காரர் கெஞ்சினார், நான் அதட்டினேன். பிலோமி பக்கத்தில் உட்கார்ந்து, "வாயில என்னா ருசி தெரியுது டீச்சர்?" என்று கேட்டாள். "இரும்ப நக்குன மாதிரி இருக்கு சிஸ்டர்." எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் உடனே அப்புறப்படுத்தினாள். பிளாஸ்டிக் ஸ்பூன் வந்தது, ஆறிப்போன குழைந்த தயிர்ச்சோறு வந்தது. வாய்ப்புண்ணுக்கு உப்பும் ஆப்பசோடாவும் கலந்த தண்ணீரில் கொப்பளிக்க வைத்தாள். "மருந்தத் திட்டுங்க, என்னையும் திட்டுங்க. சோத்த மட்டும் திட்டாதீங்க" என்றாள். டீச்சர் நாலு வாய் சாப்பிட்டார். முடி கொட்டும் என்பதையும், தலையணையில் பார்த்து அலறும் முன்பே சொல்லிவிடுவாள். "முன்னாலயே சொல்லிட்டா, வரும்போது பயம் ஜாஸ்தி இருக்காது" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கே மார்பில் கட்டி வந்தது. எங்கள் வார்டிலேயே கீமோ ஏற்றிக்கொண்டாள். இடைப்பட்ட நாட்களில் முதுநகர் வீட்டில் இருப்பாள். லீவு போட்டுவிட்டு, சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். வாசலை மறித்து ஆரோக்கியம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் அதே ஸ்டூல்! கால் ஆடுகிறது என்று ஆஸ்பத்திரியில் கழித்துவிட்டதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறாள்.

"ஏண்டி, நானும் நர்ஸ்தானே? மாஸ்க் போட்டிருக்கேன், கை கழுவிட்டேன். இன்னும் என்னா?" என்று கத்தினேன்.

"ஒனக்குத் தொண்ட கட்டியிருக்கு. இங்கருந்தே கேக்குது. சளி போனப்புறம் வா" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"நல்லா இருடியம்மா!" என்று பையைப் படியில் வைத்தேன். அவள் மெல்ல நடந்து ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்தாள். தலையில் துணி சுற்றியிருந்தாள். உதடெல்லாம் புண். "இத்தினி வருஷமா, 'கொஞ்சம் வாந்தி வரும், தாங்கிக்கங்க'ன்னு லேசா சொல்லிட்டோம்டி. லேசு இல்ல. இனிமே அப்புடிச் சொல்லாத" என்றாள். எனக்கு வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்புறம் எப்போது போனாலும் ஜன்னல்தான். கிறிஸ்துமஸ் கேக்கைக்கூடக் கம்பி வழியாகத்தான் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை உள்ளே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் கேட்டது அது ஒன்றுதான்.

ஒருநாள் வார்டுக்குப் போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம வாடி. நம்ம செட்டு எல்லாரையும் கூட்டிட்டு வா, புள்ளைங்களோட வாங்க. வரும்போது மல்லிப்பூ வாங்கிட்டு வா, ஜாஸ்தியாவே வாங்கு."

"பூவா?" என்றேன்.

"பூதான்டி."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். பூவையும் பிள்ளைகளையும் அவள் உள்ளே விடுகிறாள் என்றால் இனி மருந்து இல்லை என்று அர்த்தம். நோய் ஈரலுக்குப் போய்விட்டது, கீமோவை நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஞாயிறு அவள் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஸ்டூல் கட்டிலோரத்தில் இருந்தது. உள்ளே விடு, உள்ளே விடு என்று இத்தனை மாதம் சண்டை போட்டவள், யாராவது வந்து இந்தக் கதவைச் சாத்திவிட மாட்டார்களா என்று படியிலேயே நின்றேன். "என்னாடி அங்கியே நிக்கிற? உள்ள வா" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பூவை முகத்தில் வைத்து மோந்துகொண்டே இருந்தாள்.

அடக்கத்தன்று செல்வராசு அண்ணனும் மச்சானும் மாலையோடு வந்திருந்தார்கள். அண்ணனுக்குத் தலை நிறைய முடி வளர்ந்திருந்தது. சனம் உள்ளே போவதும் வருவதுமாக இருக்க, இருவரும் ஜன்னலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த மச்சான் கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டார். "உள்ள போலாமா சிஸ்டர்?"

"போங்கண்ணே" என்றேன். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

ஆரோக்கியம் அண்ணனிடம் அந்த ஸ்டூலைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். கால் இன்னும் ஆடுகிறது. அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதைக் கதவுக்குக் குறுக்கே போட்டு நான்தான் உட்காருகிறேன். நேற்று ஓர் அம்மா பூவும் கையுமாக வந்து, "எம்புள்ளயக் கிட்டப் போயி பாக்க எப்பதாம்மா விடுவீங்க?" என்று அழுதார்.

"இப்ப விட மாட்டேம்மா" என்றேன். "விட மாட்டேங்கறேன்னு சந்தோசப்படுங்க."