வெயிலடித்த செவ்வாய்க்கிழமை

கார்த்திகை முடிந்து மார்கழி பிறக்கிற வாரம் அது. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவை நாலு நாளாக வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிர் வீட்டில் கட்டியிருந்த கிறிஸ்துமஸ் ஸ்டாரைப் பகலிலேயே எரியவிட்டிருந்தார்கள், அவ்வளவு இருட்டு. வீட்டுக்குள் கொடி கட்டிப் போட்ட துணியெல்லாம் காயாமல் முடை நாற்றம் அடித்தது.

என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய் அப்போது மூன்று வருஷம். செவ்வாய், வியாழன், சனி என்று தாம்பரத்தில் டயாலிசிஸ். ஒரு நாளைக்குச் சின்ன பாட்டில் அளவுதான் தண்ணீர் குடிக்கலாம். குடித்தது வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும், மெஷின்தான் எடுக்க வேண்டும். ஒரு தடவை தள்ளிப்போனால் கால் வீங்கும். இன்னொன்றும் தள்ளினால் மூச்சில் போய் நிற்கும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ரெட் அலர்ட் என்றார்கள். பள்ளிகளுக்கு லீவு விட்டுவிட்டார்கள். "நாளைக்கு வேணாங்க, புதன்கிழமைக்கு மாத்திடறேன்" என்றேன். அவர் பள்ளியில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜன்னலோரம் நின்று கொஞ்ச நேரம் மேலே பார்த்தார்.

"நாளைக்கு வராதுன்னு தோணுது. போயிட்டு வந்துடலாமே."

"ஆமா, பெரிய வானிலை ஆபீசர்! நடுரோட்டுல மாட்டிக்கிட்டா உங்களை நானா தூக்கிட்டு வருவேன்?" என்று ஒரு அதட்டுப் போட்டு, அப்போதே ஃபோன் செய்து மாற்றிவிட்டேன். நான் கோபக்காரி. முப்பத்தைந்து வருஷத்தில் அவர் என்னிடம் பேசி ஜெயித்ததே இல்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்தது பாருங்கள், பளிச்சென்று வெயில்! லீவு விட்ட பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள். மொட்டை மாடி ஒன்று பாக்கியில்லாமல் துணி காய்ந்தது. நானும் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை வரைக்கும் உருவிப்போட்டு ஊறவைத்தேன். எட்டரை மணிக்கு, எங்களை வழக்கமாகக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் ஃபோன் செய்தார்.

"அக்கா, இன்னாக்கா இது, மழையே காணோம்! வண்டி எட்தாரவா? சார இட்டுகினு போய் வந்துர்லாம்."

"மாத்தியாச்சுப்பா, நாளைக்குத்தான். துணி வேற ஊறப்போட்டுட்டேன்" என்றேன்.

துணி! பாழாய்ப்போன துணி. அன்றைக்கு மழைக்குப் பயந்து பாதிப் பேர் வராமல் டயாலிசிஸ் மெஷின்கள் சும்மா கிடந்தன என்று பிறகு தெரிந்தது. ஒரு ஃபோன் செய்து கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை.

மத்தியானம் அவர் மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கிழக்கே கடல் பக்கம் கிளம்பிய மேகத்தைக் காட்டினார். "கடல் இன்னும் சூடாத்தான் கிடக்கு. ஆவி மேல போகுது, போகப் போகக் குளிருது. ஆனா ஆவி தானாத் துளியாயிடாது. பிடிச்சுக்க ஒரு தூசி வேணும், துளி உப்பாவது வேணும். ஒண்ணுமில்லாத தூசியில ஒட்டி ஒட்டித்தான் இவ்வளவு பெரிய மேகம்." நான் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு "ம்" கொட்டினேன். "அடி கறுத்துட்டு வருது. நாளைக்குத்தான் இருக்கு" என்றார். வந்தால் வரட்டும், துணி காய்ந்துவிடும் என்றுதான் என் புத்தி போனது.

அலர்ட் கொடுத்தவர்கள்மேல் தப்பில்லை. மழை ஒரு நாள் பிந்தி வந்தது, அவ்வளவுதான். புதன் விடிகாலை பிடித்தது, பத்து மணிக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர். ஏரியும் நிரம்பி வழிய, மத்தியானத்துக்குள் இடுப்பளவு. "பேஜாரா பூட்ச்சுக்கா, வண்டி உள்ள வராது" என்று ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஆட்டோக்காரர் ஃபோனில் தவித்தார். கரண்ட் போனது. உதவிக்கு எந்த எண்ணுக்கு அடித்தாலும் பிஸி.

வியாழக்கிழமை அவரால் படுக்க முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். காலை அழுத்தினால் விரல் பட்ட குழி அப்படியே நின்றது. ஊரெல்லாம் தண்ணீர், இவருக்கு நாக்கு வறண்டு கிடக்கிறது, ஒரு வாய் கொடுக்கவும் பயம். நான் ஜன்னலில் நின்று வானத்தை வாயில் வந்தபடி திட்டினேன். "அதை ஏன்... திட்டறே... அதுக்கென்ன தெரியும்" என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை, கோவளத்திலிருந்து லாரியில் ஏற்றிவந்த மீன்படகு ஒன்று தெருவுக்குள் வந்தது. "அண்ணாவ சாய வுடாதக்கா, நேரா புட்சிக்க" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பேர் அவரைத் தூக்கி உட்காரவைத்தார்கள். மெயின் ரோட்டில் ஆம்புலன்ஸ் நின்றது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டரம்மா. கடைசியாக டயாலிசிஸ் செய்தது போன சனிக்கிழமை என்றதும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை மழையே இல்லையேம்மா. ஏன் கூட்டிட்டு வரல?"

வாயைத் திறந்தேன். அதற்குள் என் கணவர் தன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார்.

"நான்தான்... வரலேன்னுட்டேன். இவ எவ்வளவோ சொன்னா."

டாக்டரம்மா அதை ஃபைலில் எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் போய்விட்டார்.

வெளிநாட்டிலிருந்து மகன் வந்தான். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த ஃபைலைப் புரட்டிப் பார்த்தான். அழுகையும் கோபமுமாக என்னிடம் வந்து நின்றான்.

"வெயில் அடிச்சிருக்கு, நீயும் கெஞ்சியிருக்கே. அப்புறமும் ஏம்மா அப்பா இப்படிப் பிடிவாதம் பிடிச்சாரு?"

"சொன்னா கேக்கவே மாட்டாருப்பா" என்றேன்.